ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர்

(ஆழ்கடல் நீரின் மேல்-கீழ் நகர்வை அளப்பது பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் ஒரு குடிநீர் ஆலை அமைக்கப்பட்டது. அமைத்தவர்கள் நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார். வேலை எளிமையானது. கடலின் மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவியைக் குளிர்ந்த கடல்நீரால் திரும்பத் தண்ணீராக்குகிறார்கள். குளிர்ந்த நீருக்கு ஐஸ் வேண்டாம், மின்சாரக் குளிரூட்டி வேண்டாம். சுமார் 350 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழாயை இறக்கினால் போதும். மேலே 28 டிகிரி, கீழே 12, 13 டிகிரி. இன்னும் ஆழத்துக்குப் போனால், 4,000 மீட்டரில், 2 டிகிரிக்கும் குறைவு. இது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஆண்டு முழுக்க வெயில் காயும் கடலில்.

இந்த ஆலையைப் பற்றிப் பேச நான் வரவில்லை. இது எழுப்பும் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்தேன். வெயில் நேற்று தொடங்கியதல்ல. வெப்பம் மெல்லத்தான் கீழே கசியும் என்றாலும், கசிந்துகொண்டேதான் இருக்கிறது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் அடிவரை சூடாகியிருக்க வேண்டாமா?

1751-இல் ஹென்றி எல்லிஸ் என்ற கப்பல் தலைவர் அட்லாண்டிக்கில், வடக்கே 25 பாகைக்கு அருகே, அடைப்பு வைத்த ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி 5,346 அடி வரை இறக்கினார். வாளிக்குள் ஒரு வெப்பமானி. மேற்பரப்பில் 84 டிகிரி ஃபாரன்ஹீட். மேலே வந்த வாளியில் 53. வரும் வழியிலேயே கொஞ்சம் சூடேறியிருக்க வேண்டும். உண்மையில் அந்த ஆழம் இன்னும் குளிர்ச்சி. அந்தத் தண்ணீரில் குளிக்கவும் மதுவைக் குளிரவைக்கவும் முடிந்ததாக அவர் மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார். அவர் ஓட்டியது அடிமை வணிகக் கப்பல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாளிநீரைப் பற்றி எழுதும் பல நூல்கள் கப்பலின் சரக்கைப் பற்றி எழுதுவதில்லை.

அந்த அளவை என்ன சொல்கிறது என்பதை 1790-களில் ரம்ஃபோர்ட் பிரபு சரியாகப் பிடித்தார். வெப்பநாட்டுக் கடலின் அடியில் இவ்வளவு குளிர் அங்கேயே உண்டாகியிருக்க முடியாது. துருவப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு முறை வந்தால் போதாது. வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும் வெப்பம் வென்றுவிடும். அப்படியானால், புதிதாக வரும் குளிர்நீர் பழையதை மேலே தள்ள வேண்டும். கடல் மட்டம் அதனால் உயர்வதில்லை. ஆகவே இறங்கிய அளவு நீர் எங்கோ ஏறியும் ஆக வேண்டும்.

இறங்கும் இடங்கள் ஓரளவு தெரிந்தவை. கிரீன்லாந்தைச் சுற்றிய கடல்கள், லாப்ரடார் கடல், அண்டார்க்டிகாவின் வெட்டெல், ராஸ் கடல்கள். விநாடிக்குச் சுமார் 3 கோடி கன மீட்டர் ஆழத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உலகக் கடல்களின் பரப்பு 36 கோடி சதுர கிலோமீட்டர். இங்கே இருக்கும் மாணவர்கள் காகிதம் எடுத்து வகுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் சீராக ஏறுவதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் வருகிறது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். 1960-இல் ஹென்றி ஸ்டொம்மலும் ஆர்னால்ட் ஆரன்ஸும் உலக ஆழ்கடல் ஓட்டத்தைக் கணக்கிட்டபோது இந்தச் சீரான ஏற்றத்தைத்தான் அடித்தளமாகக் கொண்டார்கள்.

சரி, அளந்து பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒரு நீரோட்டமானியைக் கம்பியில் கட்டி ஆழத்தில் நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அங்கே கிடைவாக்கில் நீர் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆழ்கடலில் அது ஒன்றும் பெரிய வேகமில்லை. உங்கள் கருவி ஒரே ஒரு பாகை சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வினால் மட்டுமே கருவி விநாடிக்கு 1.7 மில்லிமீட்டர் மேல்நோக்கிய ஓட்டம் இருப்பதாகக் காட்டும். நாள் கணக்கில் அது 150 மீட்டர். நாம் தேடுவது ஒரு சென்டிமீட்டர்! பிழை, தேடும் பொருளைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு பெரிது.

கருவியைச் சாயாமல் நிறுத்திவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடல் சும்மா இருக்காது. மேலே இலகுவான நீர், கீழே கனமான நீர் என்று கடல் அடுக்கடுக்காக இருப்பதால், அந்த அடுக்குகளுக்கு இடையிலும் அலைகள் ஓடும். உள்ளலைகள் என்கிறோம். நம் அந்தமான் கடல் இதற்குப் பேர்போனது. அங்கே அளக்கப்பட்ட உள்ளலைகளின் உயரம் 60 மீட்டரைத் தாண்டியதாக 1980-இல் வெளியான ஆய்வு சொன்னது. கப்பலில் இருப்பவருக்கு மேற்பரப்பில் கலங்கிய நீண்ட பட்டைகள் மட்டுமே தெரியும். கீழே ஒரு நீர்த்துளி ஒரு மணி நேரத்துக்குள் பல பத்து மீட்டர் இறங்கி, பிறகு இருந்த இடத்துக்கே ஏறிவிடும். வால்பாறையிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் கோயம்பேடு பேருந்து நிலைய வாசலில் நின்று, உள்ளே வருவோர் வெளியே போவோர் எல்லோரையும் எண்ணி, அதிலிருந்து சென்னையின் மக்கள்தொகை இந்த வாரம் எவ்வளவு கூடியது என்று சொல்ல முயல்வது போன்ற காரியம் இது.

அதனால் நீண்ட காலம் யாரும் இதை அளக்கவில்லை. ஊகித்தார்கள். ஊகம் என்று இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்த ஊகங்களில் தலையாயது 1966-இல் வால்டர் மங்க் செய்தது. வியன்னாவில் பிறந்து கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் வாழ்நாளைக் கழித்தவர். இரண்டாம் உலகப்போரில் படைகள் கரையிறங்குவதற்கு அலைகளை முன்கணித்தவர். 101 வயது வரை இருந்து 2019-இல் மறைந்தார்.

மங்க் எடுத்துக்கொண்டது பசிபிக்கின் நடுவே, 1 முதல் 4 கிலோமீட்டர் வரையிலான ஆழம். கீழே போகப் போக வெப்பநிலை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. வரைந்தால் வளைகோடு. அவர் கண்டது இரண்டு சக்திகளின் இழுபறி. அடியிலிருந்து குளிர்நீர் ஏறுகிறது. மேலிருந்து வெப்பம் கலந்து கலந்து இறங்குகிறது. இரண்டும் சமநிலையில் நிற்பதால்தான் கோடு அந்த வடிவத்தில் இருக்கிறது. ஆனால் கோட்டின் வடிவம் இரண்டுக்குமான விகிதத்தை மட்டுமே சொல்லும். ஏற்றத்தையும் கலப்பையும் இரட்டிப்பாக்கினாலும் அதே கோடுதான் வரும். வேகம் தெரிய வேண்டுமானால் கடிகாரம் வேண்டும்.

கடிகாரம் நீருக்குள்ளேயே இருந்தது. காற்றிலிருந்து கடலுக்குள் கரையும் கார்பன்-14, நீர் மேற்பரப்பை விட்டு இறங்கிய பிறகு புதிதாகச் சேர்வதில்லை. 5,730 ஆண்டுகளுக்குப் பாதியாகிறது. நீர் வேகமாக ஏறினாலும் மெதுவாக ஏறினாலும் அந்தச் சிதைவு தன் போக்கில் நடக்கும். ஆகவே வெப்பநிலைக் கோட்டையும் கார்பன் கோட்டையும் சேர்த்து வைத்தால் விகிதம் பிரிந்து இரண்டு எண்களாகிவிடும். மங்குக்குக் கிடைத்த ஏற்றம் நாளொன்றுக்கு 1.2 சென்டிமீட்டர். அந்தக் கட்டுரைக்கு அவர் ஆழ்கடல் சமையல் குறிப்புகள் என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அந்த வேகத்தில் 4 கிலோமீட்டர் ஏற 900 ஆண்டுகளுக்கு மேலாகும். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்திய காலத்தில் அடியிலிருந்து கிளம்பிய நீர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் மேலே எட்டிப்பார்த்திருக்கும்.

அழகான கணக்கு. எனக்கு இன்றும் பிடித்தது. ஆனால் அதில் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது: அந்த ஒரு நீர்த்தூணைக் கடல் முழுவதற்கும் மாதிரியாகக் கொள்ளலாம் என்பது. கருவியோடு கடலுக்குள் போனவர்கள் அதைத்தான் உடைத்தார்கள்.

1955-இல் ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயர் ஒரு மிதவையைச் செய்தார். கடல்மேல் மிதப்பதல்ல, நாம் விரும்பும் ஆழத்தில் ஏறாமலும் இறங்காமலும் நிற்பது. கட்டடச் சாரத்துக்குப் பயன்படுவது போன்ற அலுமினியக் குழாய்தான் அதன் உடல். ஆழத்தின் அழுத்தத்தில் கடல்நீரும் சற்றுச் சுருங்கும், குழாயும் சுருங்கும். குழாய் குறைவாகச் சுருங்கும். அதனால் மேலே நீரைவிடக் கனமாக இருந்து மூழ்கத் தொடங்கும் குழாய், ஓர் ஆழத்தில் நீருக்குச் சமமான அடர்த்தியை அடைந்து நின்றுவிடும். அது எழுப்பும் ஒலியைக் கேட்டு எங்கே போகிறது என்று பின்தொடரலாம். கிடைவாக்கு ஓட்டத்தை அளக்கச் செய்யப்பட்டது அது.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் டக் வெப் என்ற பொறியாளர் இதே மிதவையை மேல்-கீழ் ஓட்டத்துக்குத் திருப்பினார். அவர் செய்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. குழாயைச் சுற்றிலும் சாய்வாகத் துடுப்புகளைப் பொருத்தினார். யோசித்துப் பாருங்கள். நீர் கீழ்நோக்கி நகரும்போது மிதவையையும் இழுக்கப் பார்க்கும். ஆனால் கொஞ்சம் இறங்கியதுமே சுற்றியுள்ள நீர் மிதவையைவிட அதிகமாகச் சுருங்கிக் கனமாகிவிடுவதால், மிதவை மேலே தள்ளப்படும். அது தன் ஆழத்தை விட்டு விலக மறுக்கும். நீர் அதைக் கடந்து வழுக்கிக்கொண்டு போகும். போகும்போது சாய்ந்த துடுப்புகளைத் தள்ளி மிதவையைச் சுழற்றும். உள்ளே ஒரு திசைகாட்டி. எத்தனை முறை சுழன்றது என்று எண்ணினால் எத்தனை மீட்டர் நீர் கடந்து போனது என்று தெரிந்துவிடும். சாய்ந்த கம்பி இல்லை, ஆடும் கப்பல் இல்லை. வெப்பும் வாலன்டைன் வொர்திங்டனும் இதைக் கரீபியனின் கேமன் படுகையில் இறக்கி, 1968-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏன் அங்கே? அட்லாண்டிக்கின் குளிர்நீர், கியூபாவுக்கும் ஹைத்திக்கும் இடையிலுள்ள வாயிலின் அடித்தள மேட்டைத் தாண்டி அந்தப் படுகைக்குள் விழுகிறது. ஒரே வாசல் வழியாக ஒரு கிண்ணத்துக்குள் வருவது மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கருவி உரக்கப் பேசியது அடுத்த ஆண்டுதான். 1969-இன் குளிர்காலம், பிரான்சுக்குத் தெற்கே லயன் வளைகுடா. மிஸ்ட்ரல் என்ற வறண்ட குளிர்காற்று அங்கே நாள் கணக்கில் வீசும். மேற்பரப்பு நீர் வெப்பத்தையும் ஈரத்தையும் இழந்து, குளிர்ந்து, உப்பேறி, கனமாகி மூழ்கும். பல நாட்டுக் கப்பல்கள் கூடி நடத்திய அந்த ஆய்வில் வூரிஸ் என்ற ஆய்வாளரும் வெப்பும் துடுப்பு மிதவைகளை இறக்கினார்கள். கீழ்நோக்கிய வேகம் விநாடிக்குப் பல சென்டிமீட்டர். உச்சத்தில் 10 சென்டிமீட்டர் வரை. நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பேசிக்கொண்டிருந்த துறைக்கு, விநாடிக்கு 10!

1997, 1998 குளிர்காலங்களில் லாப்ரடார் கடலில் எரிக் டசாரோவின் குழு நேர்மாறான மிதவையை இறக்கியது. வெப்பின் மிதவை இடத்தை விட்டு நகர மறுத்தது. டசாரோவின் மிதவை நீரோடு போகவே செய்யப்பட்டது. கடல்நீர் எவ்வளவு சுருங்குமோ அதே அளவு சுருங்கும். அகன்ற துணி வட்டு ஒன்று அதை நீரோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அழுத்தமானி காட்டும் ஆழம் மாறுவதே நீரின் மேல்-கீழ் வேகம். மிதவைகள் இறங்கின, ஏறின, மறுபடி இறங்கின.

அந்த ஏறி இறங்கலில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூழ்கும் ஒவ்வொரு தாரைக்கும் பக்கத்திலேயே ஏறும் நீர் இருந்தது. குளிர்ந்து கனத்த நீர் கீழே போக, அதே அளவு நீர் மேலே வருகிறது. கூட்டிக் கழித்தால் அந்தக் கடற்பரப்பின் நடுவே நிகர இறக்கம் கிட்டத்தட்டப் பூஜ்யம்! வெப்பம் வெளியேறுகிறது, நீர் கலக்கிறது, ஆனால் இறங்கிய கணக்கில் வருவதில்லை. கணக்கில் வரும் இறக்கம் பெரும்பாலும் கடலோரச் சரிவுகளை ஒட்டி ஓடும் நீரோட்டங்களில் நடக்கிறது என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு. மேல்-கீழ் ஓட்டம் எங்கே கண்ணைப் பறிக்கிறதோ அங்கே அதன் மீதி மிகக் குறைவு.

வெப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிற்காலத்தில் அவர்தான் இறக்கை வைத்த தானியங்கி மிதவையை, ஸ்லோகம் கிளைடரை, உருவாக்கினார். அந்தப் பெயர் தனியாக உலகைச் சுற்றிய மாலுமி ஜோஷுவா ஸ்லோகமுடையது. ஸ்டொம்மல் 1989-இல் அதைப் பற்றி ஒரு அறிவியல் புனைகதைபோலவே ஒரு கட்டுரை எழுதினார். 2021-ஆம் ஆண்டில் இருந்துகொண்டு பின்னோக்கிப் பார்ப்பதாக. அந்த 2021-க்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

இப்போது ‘மேலே’ என்றால் என்ன என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளலையில் ஏறி இறங்கும் நீர் தன் அடுக்கோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. தன் வெப்பநிலையும் அடர்த்தியும் மாறாமல். அது போன வழியே திரும்பிவிடும். திரும்பாத ஏற்றம் என்பது ஓர் அடுக்கைக் கடந்து இலகுவான அடுக்குக்குள் போவது. அதற்கு நீர் சூடாக வேண்டும். ஆழ்கடலில் அடுப்பு இல்லை. மேலிருக்கும் வெப்பநீரோடு கலந்தால்தான் சூடாக முடியும். ஆக, மீட்டர்க்கோலை விட்டுவிட்டுக் கலப்பை அளக்க வேண்டும்.

கலப்பு நடப்பது சென்டிமீட்டர், மில்லிமீட்டர் அளவிலான சுழிகளில். விரல்நுனி அளவு உணரியை வைத்த கருவிகளைத் தடையில்லாமல் விழவிட்டு, அந்தச் சுழிகளின் உதறலைப் பதிவு செய்தார்கள். திறந்த கடலின் நடுஆழங்களில் கிடைத்த கலப்பு மங்குக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கு. கருவி பொய் சொல்கிறதா? 1992-இல் ஜிம் லெட்வெல்லும் துணைவர்களும் கேனரித் தீவுகளுக்கு மேற்கே, 310 மீட்டர் ஆழத்தில், 139 கிலோ சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடைப் பரப்பினார்கள். கடலில் இயற்கையாக ஏறத்தாழ இல்லாத, மிக நுண்ணிய அளவிலும் கண்டுபிடிக்கக்கூடிய சேர்மம் அது. மாதங்கள் கழித்துப் போய்த் தேடினால் கிடைவாக்கில் பல நூறு கிலோமீட்டர் இழுபட்டிருந்தது; செங்குத்தாகத் தடித்தது சில பத்து மீட்டர்தான். கருவி பொய் சொல்லவில்லை.

மீதிக் கலப்பு எங்கே? 1996-இல் பிரேசில் படுகையில், 4,000 மீட்டர் ஆழத்தில் மறுபடி 110 கிலோ. மேற்கே தரை சமவெளி. அங்கே கலப்பு சொற்பம். கிழக்கே நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் கரடுமுரடான சரிவு; அங்கே கலப்பு பல மடங்கு, அதுவும் தரையை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போனது. நிலவு இழுக்கும் ஓதநீர் அந்த மேடுபள்ளங்களில் மோதி உள்ளலைகளை எழுப்புகிறது, அவை உடைந்து கலக்குகின்றன.

புதிர் தீர்ந்தது என்று நினைக்கும்போதுதான் அது திரும்பிக் கடித்தது. தரைக்கு மேலே சில நூறு மீட்டரில் ஒரு மெல்லிய நீரடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அதற்குள் வெப்பம் கலந்து வருகிறது. அதிலிருந்து கீழே வெப்பம் கலந்து போகிறது. கலப்பு கீழே வலுவானது என்றால் வரவைவிடச் செலவு கூடுதல். அடுக்கு குளிர்கிறது, கனக்கிறது, இறங்குகிறது! ஏற்றத்தைக் கொடுக்கும் என்று நம்பிய கலப்பு இறக்கத்தைக் கொடுக்கிறது. தரையை ஒட்டிய அடுக்குக்கு மட்டும் கதை வேறு. மேலிருந்து வரவு உண்டு, கீழே பாறை, செலவுக்கு வழியில்லை. அது சூடாகி, சரிவை ஒட்டியபடியே ஏறும். ராஃபேல் ஃபெராரியும் மற்றவர்களும் 2016-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். கடலின் உட்புறம் பல இடங்களில் இறங்குகிறது. ஏற்றம் முழுவதும் சரிவுகளை ஒட்டிய மெல்லிய தோலில் நடக்கிறது. நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது எந்த இடத்தின் வேகமும் அல்ல. பெரியதொரு ஏற்றத்தில் பெரியதொரு இறக்கத்தைக் கழித்து, மீதியைக் கடல் முழுவதற்கும் பங்கிட்டு வந்த எண்.

எழுதுவது வேறு, காட்டுவது வேறு. 2021 கோடையில் ஸ்கிரிப்ஸின் மேத்யூ ஆல்ஃபோர்ட் குழு, அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தின் ஓரத்திலுள்ள ஒரு கடலடிப் பள்ளத்தாக்கில் சுமார் 200 லிட்டர் ஃப்ளோரசீன் சாயத்தைத் தரைக்குச் சற்று மேலே விட்டது. கண் மருத்துவர்கள் விழியில் விடும் அதே பச்சைச் சாயம்தான். நாளுக்கு இரண்டு முறை ஓதம் அந்தப் பள்ளத்தாக்கில் நீரை மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே சாயம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து ஒன்றும் அறிய முடியாது. அவர்கள் பார்த்தது சாயத்தின் வெப்பநிலை. சாயம் தங்கியிருந்த நீர் நாளுக்கு நாள் சூடாகிக்கொண்டே போனது. அடுக்கு விட்டு அடுக்கு ஏறிக்கொண்டிருந்தது. பெத்தன் வின்-கட்டனாக் முதல் ஆசிரியராக 2024-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின்படி, அந்த ஏற்றம் நாளொன்றுக்கு 100 மீட்டர் என்ற அளவில் இருந்தது. பழைய சராசரியைப் போல ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு. ஏறிய நீர் சரிவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவும் இல்லை; விலகி உட்கடலுக்குள் போக, உட்கடலின் நீர் அந்த இடத்துக்கு வந்தது.

ஒரு பள்ளத்தாக்கு கடலாகிவிடாது என்பதையும் நான் சொல்ல வேண்டும். மங்கின் ஒரு நீர்த்தூணைக் கேள்வி கேட்டுவிட்டு, ஒரு பள்ளத்தாக்கைக் கேள்வி கேட்காமல் விடுவது நியாயமில்லை. சில நாட்கள், ஒரு பருவம், ஒரு சரிவு. ஆனாலும் தட்பவெப்பத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்கு இது தலைவலிதான். அவற்றின் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். பள்ளத்தாக்கு அதற்குள் முழுதாகக் காணாமல் போகும். ஆழத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் அங்குள்ள வெப்பமும் எத்தனை காலம் கழித்து மேலே வரும் என்பதை அந்த மாதிரிகள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் நேரடியானது. எத்தனை பள்ளத்தாக்குகள் இருக்கின்றன என்பதே நமக்கு முழுதாகத் தெரியாது. 2024 வரை ஒலிக்கருவி கொண்டு நேராக அளந்து வரையப்பட்ட கடல்தரை, மொத்தத்தில் சுமார் 26 விழுக்காடு. வரைந்த பகுதியில் நமக்குப் பக்கத்திலேயே மூன்று உண்டு: கடலூர், புதுச்சேரி, பாலாறு என்று கரையின் பெயர்களையே தாங்கிய பள்ளத்தாக்குகள், வங்கக் கடலின் சரிவை வெட்டி இறங்குகின்றன. நம் கரையில் ஓதம் சிறியது. ஆனால் கரையில் தெரியும் ஓதத்தின் உயரத்தை வைத்து, ஆழத்தில் உள்ளலைகள் எவ்வளவு வலுவாக உடைகின்றன என்று சொல்லிவிட முடியாது. அங்கே நீர் நாளொன்றுக்கு 100 மீட்டர் ஏறுகிறதா, ஒரு மீட்டரா என்று ஊகிக்கவும் நான் தயாரில்லை. சாயமும், அதைப் பின்தொடர ஒரு கப்பலும், சூடேறுவதைப் பார்க்க ஒரு நல்ல வெப்பமானியும் வேண்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முன்வரிசை மாணவர்களில் யாரோ அப்போதே வகுத்து முடித்துவிட்டுக் கையைத் தூக்கியபடி இருக்கிறார்.